கோபுர நிழலும் ஐந்து நிமிடப் படமும்

நான் சரித்திரம் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, 1982-இல் ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தெட்டு வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். வேலை நிமித்தம் நாக்பூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட பல தமிழ்க் குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று. சரித்திரத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அதில் ஒரு பெரிய தவறு செய்து, அதற்கான விலையை என் பேரன் கொடுத்தான் என்பதுதான் என் தகுதி. நடந்ததைச் சொல்கிறேன்.

பேரன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். டிசம்பர் மாதம் ஒரு மாலை, பள்ளியிலிருந்து வந்தவன் பையை மூலையில் போட்டுவிட்டு என்னிடம் பேசாமல் உள்ளே போய்விட்டான். வழக்கமாக வந்தவுடன் "தாத்தா, கேரம் ஆடலாமா?" என்பவன். பாட்டி தோசை வார்த்துக் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தான்.

"நீங்க சொன்னதைத்தான் தாத்தா நான் கிளாஸ்ல சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

வகுப்பில் அவரவர் சொந்த ஊரின் பழைய கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இவன் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் பேசி, "அதன் கோபுர நிழல் தரையிலேயே விழாது" என்று முடித்திருக்கிறான். இவனுடைய நெருங்கிய நண்பன், மராத்திப் பையன், எழுந்து, "அங்கே மட்டும் வெயில் வளைந்து போகுமா?" என்று கேட்டிருக்கிறான். ஆசிரியர் கோபிக்கவில்லை. எதை வைத்துச் சொல்கிறாய் என்று மட்டும் கேட்டாராம். "எங்க தாத்தா இன்ஜினீயர், அவர்தான் சொன்னார்" என்றானாம் இவன். அப்போதுதான் வகுப்பு முழுவதும் சிரித்திருக்கிறது.

எனக்கு அதை யார் சொன்னார்கள்? உறவினர் ஒருவர் கைப்பேசியில் அனுப்பிய ஐந்து நிமிட வீடியோ. கம்பீரமான குரல், பின்னணியில் முரசு, யானை மேல் ராஜராஜன். இரண்டு முறை பார்த்தேன், கண் கலங்கினேன், மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன், பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெட்கத்துடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பிறந்தது தஞ்சாவூர் ஜில்லா. சிறு வயதில் மே மாத விடுமுறையில் பெரிய கோயிலுக்குப் போய், சாயங்கால வேளையில் நந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில், அதே கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டவன் நான்! என் உடம்புக்குத் தெரிந்த விஷயத்தை, ஐந்து நிமிடப் படம் என் மனத்திலிருந்து அழித்துவிட்டது. படத்தின் வலிமை அவ்வளவு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

படம் புதிதல்ல

வரலாற்றைப் படமாகக் காட்டிக் கற்பிப்பது இன்று முளைத்த யோசனை அல்ல. இந்தியாவில் அதைப் பெரிய அளவில் செய்த முன்னோடிகளில் ஒருவர் தமிழர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், காந்தியடிகளின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்க 1937-இல் முடிவு செய்தார். பல தேசங்களில் அலைந்து, பலர் பல ஆண்டுகளாக எடுத்து வைத்திருந்த காட்சிகளில் சுமார் 50,000 அடி படச்சுருளைச் சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்தெடுத்து, 1940-இல் தமிழில் வெளியிட்டார்.

இங்கே ஒரு சிறு கணக்கு. திரையரங்கில் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 12,000 அடி என்பது இரண்டேகால் மணி நேரம். சேர்த்த 50,000 அடியையும் ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதாவது நான்கில் மூன்று பங்கு வெட்டப்பட்டது. அக்கறையும் உழைப்பும் நேர்மையும் உள்ள ஒருவர் செய்த படத்திலேயே இப்படி என்றால், ஐந்து நிமிடப் படத்தில் எவ்வளவு விட்டுப்போயிருக்கும் என்று யோசியுங்கள். எந்தப் படத்தைப் பார்த்தாலும், இதில் காட்டாமல் விட்டது என்ன என்ற கேள்வி மனத்தில் இருக்க வேண்டும்.

பிறகு 1948-இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் வந்தது. சினிமாக் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடிய செய்திப் படங்களும் குறும்படங்களும் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, செயற்கைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் காட்டினார்கள். ஊருக்குப் பொதுவான ஒரு பெட்டி. சிறுவரும் பெரியவரும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி ஒளிபரப்பு தூர்தர்ஷனில் தொடங்கியது. 1988-இல் ஷியாம் பெனகல் இயக்கிய 'பாரத் ஏக் கோஜ்' 53 பகுதிகளாக வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து அதைப் பார்த்த குடும்பங்கள் நம்மில் உண்டு.

அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இதுதான். அன்று படம் எடுக்கப் பணமும் ஆட்களும் ஒரு நிறுவனமும் தேவைப்பட்டன. பலர் கண் பட்டுத்தான் வெளியே வந்தது. இன்று ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து மாலைக்குள் ஒரு படத்தை முடித்து உலகத்துக்கே அனுப்பிவிடலாம். படத்தைக்கூடக் கம்ப்யூட்டரே வரைந்து கொடுக்கிறது. இது நல்லதுதான், நல்ல ஆசிரியர்கள் பலர் இந்த வழியில் வந்திருக்கிறார்கள். ஆனால் சரிபார்க்கும் வேலை, படம் எடுப்பவரிடமிருந்து பார்ப்பவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. இது பலருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நமக்கு ஏன் வேண்டும்

அப்படியானால் இந்தப் படங்களே வேண்டாமா? வேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு, தமிழ்நாட்டில் இருப்பவர்களைவிட அதிகமாகவே வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவார்கள். பள்ளிப் பாடத்தில் சோழரும் பாண்டியரும் சில பத்திகளில் வந்து போய்விடுவார்கள். அலமாரியில் நீலகண்ட சாஸ்திரியாரின் 'சோழர்கள்' இருந்தாலும், அதைத் திறக்கும் வயதும் மொழியும் அவர்களுக்கு இல்லை. காதால் கேட்டுக் கண்ணால் பார்க்கும் பத்து நிமிடத் தமிழ்ப் படம் அவர்களுக்கு ஒரு கதவு.

சில விஷயங்களைப் புத்தகத்தைவிடப் படம் நன்றாகவே விளக்கும். ராஜேந்திர சோழனின் கடற்படை 1025-இல் ஸ்ரீவிஜயத்தின் மீது சென்றது என்பதைப் படித்தால் ஒரு வருடம் மட்டும் மனத்தில் நிற்கும். வங்காள விரிகுடாவின் வரைபடத்தில் காற்றின் திசை நகர்வதையும், அந்தக் காற்றை நம்பிக் கப்பல் போவதையும் காட்டினால், 'ஏன் அந்தப் பருவத்தில் போனார்கள்?' என்று பையனே கேட்பான். வெண்கலச் சிலை வார்ப்பதும் அப்படித்தான். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுவதை நான் எத்தனை பக்கம் எழுதினாலும் மூன்று நிமிடப் படத்துக்கு ஈடாகாது. நகர்வது, மாறுவது, செய்முறை ஆகிய மூன்றுக்கும் படம் நல்ல வாத்தியார். யார், எப்போது, எவ்வளவு, எதனால் என்ற கேள்விகளுக்குப் படத்தை மட்டும் நம்பக் கூடாது.

நிழல் கணக்கு

பேரன் வருத்தப்பட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அட்டைப் பெட்டியை வெட்டி, பெரிய கோயில் கோபுரத்தை நூற்றில் ஒரு பங்கு அளவில் செய்தோம். நாம் கோபுரம் என்று சொன்னாலும், கருவறைக்கு மேல் இருப்பதற்கு விமானம் என்பதே சரியான பெயர். விமானத்தின் உயரம் 60 மீட்டருக்கு மேல். அடித்தளம் சுமார் 30 மீட்டர் சதுரம். ஆகவே எங்கள் அட்டை விமானம் 60 சென்டிமீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் அடி. அறையை இருட்டாக்கி டார்ச் விளக்கைச் சூரியனாக்கினோம்.

தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10¾ பாகையில் இருக்கிறது. ஜூன் மாதம் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியிலிருந்து சுமார் 12½ பாகைதான் விலகியிருக்கும். அந்தச் சாய்வில் விமான உச்சியின் நிழல் நடுவிலிருந்து சுமார் 13 மீட்டர் தள்ளி விழ வேண்டும். ஆனால் நடுவிலிருந்து அடித்தளத்தின் விளிம்பே 15 மீட்டர். ஆகவே உச்சியின் நிழல் விமானத்தின் மேலேயே விழுந்துவிடும். சுவரோரம் ஒரு சிறு பட்டை நிழல்தான் தரையில் தெரியும். டிசம்பர் நடுப்பகலில் சாய்வு 34 பாகை. அப்போது உச்சியின் நிழல் அடித்தளத்தைத் தாண்டி வடக்கே 25 மீட்டருக்கு மேல் தரையில் கிடக்கும். மாலை நாலு, நாலரை மணிக்குச் சூரியன் 30 பாகை உயரத்துக்கு இறங்கும்போது நிழல் நூறு மீட்டர் நீளும். நான் புளிசாதம் சாப்பிட்ட நிழல் அதுதான்.

அடி அகன்று மேலே போகப் போகக் குறுகும் எந்தக் கட்டடத்துக்கும் இதே கணக்கு. வெயில் காலத்தில் உச்சிப் பொழுதில் வந்து பார்த்த யாரோ, 'நிழலையே காணோமே' என்று வியந்திருக்கலாம். அந்த வியப்பு வாய்க்கு வாய் வளர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட வேண்டும். வீடியோக்காரர் செய்யாதது அதைத்தான்.

அதே படத்தில் இன்னொன்றும் வந்தது: உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்று. அது ஒரே கல் அல்ல, பல கற்களை இணைத்தது என்பது ஆராய்ந்தவர்கள் சொல்வது. பல மைல் தூரத்துக்குச் சாரம் அமைத்துக் கல்லை ஏற்றினார்கள், சாரப்பள்ளம் என்ற ஊர்ப் பெயர் அதற்குச் சாட்சி என்பது செவிவழிச் செய்தி. செவிவழிச் செய்தியைச் சொல்லலாம், தவறில்லை. 'சொல்வார்கள்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கல்லில் இருப்பது

பொய்யை நீக்கிவிட்டால் பெருமை குறைந்துபோகுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு, அந்தக் கோயிலின் கல்வெட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன்.

கரிகாலன் கட்டினான் என்பது தலபுராணக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர், அரசாங்கக் கல்வெட்டு அதிகாரியாக இருந்து, அங்குள்ள எழுத்துகளைப் படித்துப் பதிப்பித்த பிறகுதான், கட்டியவன் ராஜராஜனே என்பது ஐயமில்லாமல் உறுதியானது. தான் கொடுத்ததையும், தன் அக்கன் குந்தவை கொடுத்ததையும், தன் தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் விமானத்துக் கல்லிலேயே வெட்டும்படி அந்த அரசன் ஆணையிட்டிருக்கிறான். கட்டிய பெருந்தச்சனின் பெயரும் அங்கே இருக்கிறது: குஞ்சரமல்லன். எத்தனையோ பாலங்களில் திறந்து வைத்தவர் பெயரைப் பார்த்திருக்கிறேன், கட்டியவர் பெயரைப் பார்த்ததில்லை. ஆகவே இந்த ஒரு பெயரைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் உங்களுக்குப் புரியும்.

விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்தது ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டில் 275-ஆம் நாள். அது 1010-ஆம் ஆண்டு. குடத்தின் எடை 3,083 பலம். அதன் மேல் போர்த்திய பொன் 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சைக்கூட விடவில்லை! கோயிலில் ஆடுவதற்காகப் பல ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட தளிச்சேரிப் பெண்கள் 400 பேர். ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்தத் தெருவின் எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். கணக்கர், தையல்காரர், குயவர், வண்ணார், நாவிதர் என்று எல்லோருக்கும் பங்கு எழுதப்பட்டிருக்கிறது. நிழல் விழாத கோபுரம் பெரியதா, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு பணிப்பெண்ணின் வீட்டு எண்ணை எழுதி வைத்த நிர்வாகம் பெரியதா?

மராத்தி நண்பன்

இதையெல்லாம் பேரனோடு தேடிப் படிக்கும்போது, நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. தஞ்சாவூரை 1676 வாக்கில் கைப்பற்றி ஆண்டவர் ஏகோஜி. சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகன், அதாவது தம்பி. அந்தப் போன்ஸ்லே பரம்பரை 1855 வரை தஞ்சையில் இருந்தது. சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி, தன் குடும்ப வரலாற்றை மராத்தி மொழியில் 1803-இல் பெரிய கோயில் சுவரில் வெட்டிவைத்தார். மிக நீண்ட கல்வெட்டு அது. ராஜராஜனின் தமிழ்க் கல்வெட்டும் சரபோஜியின் மராத்திக் கல்வெட்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நம் ஐந்து நிமிடப் படம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பேரன் அந்த நண்பனை வீட்டுக்கு அழைத்து வந்தான். டார்ச் விளக்கும் அட்டை விமானமும் காட்டினோம். பிறகு இந்த மராத்திக் கல்வெட்டைச் சொன்னோம். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் அது எங்கள் கோயிலும்தானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். நாக்பூரை ஆண்ட போன்ஸ்லேக்கள்தானே தஞ்சாவூரிலும் என்று அடுத்த கேள்வி. குடும்பப் பெயர் ஒன்று, கிளை வேறு என்று விளக்கினேன். அதையும் சரிபார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஒருமுறை சூடுபட்டவன் அல்லவா!

சங்கத்தில் செய்து பார்த்தது

இந்த அனுபவத்துக்குப் பிறகு நம் சங்கக் கூடத்தில், மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மாலை, பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்து வைத்து வரலாற்றுப் படம் பார்க்கத் தொடங்கினோம். முதல் மாதம் தோல்விதான். முக்கால் மணி நேரப் படம் போட்டேன். இருபது நிமிடத்தில் சிறுவர்கள் வராந்தாவில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் நான் அரை மணி நேரம் பேசினேன். பெரியவர்களும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அடுத்த மாதம் எட்டு நிமிடப் படம், பேச்சே இல்லை, கேள்விகள் மட்டும். எழுந்து போகச் சொன்னாலும் யாரும் போகவில்லை.

அன்று '100 கலம் நெல்' என்ற இடத்தில் படத்தை நிறுத்தி, கலம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். பிள்ளைகள் விழித்தார்கள். எனக்கும் சட்டென்று வரவில்லை. பின்வரிசையில் ஓர் அம்மாள், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், "பன்னெண்டு மரக்கால் ஒரு கலம். எங்க அப்பா களத்துமேட்டுல அளக்கும்போது நான்தான் எண்ணிக்கை சொல்லுவேன்" என்றார். பிறகு மரக்கால் எப்படி இருக்கும், தலைதட்டி அளப்பது எப்படி என்று கையால் காட்டினார். நூறு கலம் என்றால் 1,200 மரக்கால் என்று ஒரு சிறுமி கணக்குப் போட்டாள். ஆயிரம் வருடத்துக் கல்வெட்டுக்கு விளக்கம் சொன்னது, தனக்குச் சரித்திரம் தெரியாது என்று அன்றுவரை நினைத்திருந்த ஓர் அம்மாள். அடுத்த கூட்டங்களில் அவர் முன்வரிசையில் உட்காருகிறார்.

வீட்டில் பார்க்கும் முறை

எங்கள் அனுபவத்தில் பயன்பட்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. படத்தைப் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்துகொள்ளுங்கள். 'இந்தக் கோயிலுக்குக் கல் எங்கிருந்து வந்தது?' என்பது போல. கேள்வியோடு பார்ப்பவன் தூங்க மாட்டான்.

2. பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட படம் வேண்டாம். முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

3. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். ஆதாரம் காட்டிச் சொன்னது ஒன்று, ஆதாரமின்றிச் சொன்னது ஒன்று, கற்பனையாக வரைந்து காட்டியது ஒன்று. ராஜராஜனின் முகம் மூன்றாம் பத்தியில் போகும். பிள்ளைகள் இந்த விளையாட்டை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

4. 'உலகிலேயே முதல்', 'விஞ்ஞானிகளே வியக்கும்', 'மறைக்கப்பட்ட உண்மை' என்ற சொற்கள் வரும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். அங்கேதான் கவனம் வேண்டும். லைனில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை இருக்கும் இடத்தில் டிரைவர் வேகத்தைக் குறைப்பது போல.

5. ஒரு படத்துக்கு ஒரு விஷயத்தையாவது வேறொரு வழியில் சரிபாருங்கள். புத்தகம், வரைபடம், அருங்காட்சியகம், வீட்டுப் பெரியவர், அல்லது ஒரு டார்ச் விளக்கு. எல்லாவற்றையும் சரிபார்க்க முடியாது. ஒன்றைச் சரிபார்த்தாலே அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

6. பார்த்தவுடன் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஓர் இரவு போகட்டும். மறுநாளும் சரி என்று தோன்றினால் அனுப்பலாம்.

பெரியவர்கள் பயிற்சிக்கு ஓர் உதாரணம், என் துறையிலிருந்தே. 'இந்தியாவில் முதல் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணேக்கு ஓடியது' என்று எல்லாப் படங்களும் சொல்கின்றன. 34 கிலோமீட்டர், 14 பெட்டிகள். பொய் இல்லை. ஆனால் 1837-லேயே சென்னைக்கு அருகே செங்குன்றத்தில் கல் ஏற்றிச் செல்ல ஓர் இருப்புப்பாதை இருந்தது. 1851-இல் ரூர்க்கி அருகே கங்கைக் கால்வாய் வேலைக்கு நீராவி இன்ஜின் ஓடியது. ஆகவே 'முதல் பயணிகள் ரயில்' என்பதே சரி. தென்னாட்டில் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போனது. 'பயணிகள்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் உண்மை பாதியாகிவிடுகிறது.

கடைசியாக ஒரு மனக்குறை. நிழல் விஷயம் தெரிந்த பிறகு, நான் வீடியோ அனுப்பிய மூன்று குழுக்களுக்கும் திருத்தம் எழுதினேன். இரண்டில் யாரும் பதில் சொல்லவில்லை. மூன்றாவதில் என் சொந்தக்காரர் ஒருவர், "நம்ம பெருமையை நாமே குறைக்கலாமா?" என்று கோபித்துக்கொண்டார். அவர் தஞ்சாவூரில் இருக்கிறார். அவர் பேரன் நிழலைப் பற்றித் தப்பாகச் சொன்னால் கேட்பவனும் தமிழன், சிரித்துவிட்டுப் போய்விடுவான். நம் பிள்ளைகள் நிலை வேறு. வேற்று மொழிக்காரர்கள் நடுவே, முப்பது நாற்பது பேர் உள்ள வகுப்பில், தமிழ்நாட்டின் சார்பாக எழுந்து நிற்கிறவர்கள் அவர்கள். நாம் கையில் கொடுத்தனுப்பும் சரித்திரம் பொய்யாக இருந்தால், தலைகுனிவது நாம் அல்ல, அவர்கள். ஒருமுறை தலைகுனிந்த பிள்ளை அடுத்த முறை தன் ஊரைப் பற்றி வாய் திறக்கவே யோசிக்கும். அது என்னால் பொறுக்க முடியாத நஷ்டம்.

பேரன் வாய் திறந்தான். ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, நண்பனோடு சேர்ந்து அட்டை விமானத்தைத் தூக்கிக்கொண்டு போனான். "மறுபடியும் சிரிச்சாங்களா?" என்று கேட்டேன். "ரெண்டு பேர் சிரிச்சாங்க தாத்தா. டார்ச்சை அவங்க கையிலயே குடுத்துட்டேன்" என்றான்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பெரிய கோயிலில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் நிழலை அளக்கப்போவதாக டேப் எடுத்து வைத்திருக்கிறான். சங்கத்தின் அடுத்த இரண்டாவது ஞாயிற்றுக்கு நீங்களும் பிள்ளைகளோடு வாருங்கள். வீட்டில் பழைய படி, மரக்கால், ஓலைச்சுவடி, பழைய ரயில் டிக்கெட் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். படம் எட்டு நிமிடம்தான். மீதி நேரத்துக்கு அவைதான் வேண்டும்.